கண்ணாடித் தொட்டியும் கொலைப் பழியும்

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை அடுத்த அடுக்குமாடி வீடொன்றில் வாழும் நம் நண்பர் ஒருவர், கண்ணாடித் தொட்டியில் சிறு மீன்கள் வளர்த்து வருபவர். வெள்ளிக்கிழமைகளில் கவிச்சி தொடாத சீலர். சில மாதங்களுக்கு முன் விரல் நீள இறால் ஒன்றை அழகுக்காக வாங்கி அத்தொட்டியில் விட்டார். இறால் வளர்ந்தது, மீன்கள் குறைந்தன. ஓரிரவு கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, உறங்கிய மீனொன்றை அது கொடுக்கிற் பற்றித் தின்றுகொண்டிருக்கக் கண்டார். “இப்பாதகனை என்ன செய்யலாம்?” என்று நம்மை வினவினார். பாதகன் யார் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

அது நன்னீர்ப் பேரிறால். மலாய் மக்கள் அதனை ‘உடாங் காலா’ என்பர். காலா என்றால் கழி. ஆண் இறாலின் இரண்டாம் இணைக் கால்கள் கழிபோல் நீண்டு கொடுக்காக முடிவதைக் குறித்த பெயர் அது. ஆற்றின் அடியில் ஊர்ந்து, புழுவையும் நத்தையையும் செத்த மீனையும் தின்று வாழ்வது அது. அங்கே உயிருள்ள மீனுக்கு ஓட வழியுண்டு. இரண்டடித் தொட்டியில் ஓடுவது எங்ஙனம்? கொடுக்கை இயற்கை கொடுத்தது. சுவரை நாம் கொடுத்தோம்.

“கொல்லுதல் அதன் இயல்பு, நாம் செய்வதென்ன?” என்பார் சிலர். இயல்பு என்பது இறாலுக்குச் சமாதானமாகலாம். தெரிந்தெடுத்துக் கூட்டிவைத்த மனிதனுக்கு ஆகாது. மேலும், அவ்வேட்டையாளனும் சட்டை உரிக்கும் நாளில் மெல்லுடலோடு ஒடுங்கிக் கிடக்கும்; நெருக்கமான தொட்டியில் அதன் இனமே அதனைத் தின்றுவிடும். ஆகவே அச்சிறையில் எவ்வுயிர்க்கும் அச்சமில்லாத நாள் இல்லை. அதன் குஞ்சுகள் வளர உவர்நீர் வேண்டும் என்பதை 1960-களின் தொடக்கத்தில் பினாங்கில் லிங் என்னும் அறிஞர் கண்டறிந்தார். நன்னீர்த் தொட்டியில் அதற்குச் சந்ததியும் இல்லை.

“தேக்கா சந்தையில் இறால் வாங்கித் தின்போர் இதைப் பேசலாமா?” என்று கேட்பது நியாயமே. தின்பதற்குக் கொல்வது குற்றமற்றது என்று நாம் சாதிக்கவில்லை. ஆயினும் பசிக்குக் கொல்வதும், விருந்தினர் பார்த்துக் களிக்க உயிருள்ள மீனைத் தொட்டியில் எறிவதும் ஒன்றல்ல. பின்னதில் அச்சமே பண்டமாகிறது. நண்டு, இறால் போன்றவற்றுக்கு உணர்வில்லை என்னும் பழைய சமாதானமும் தளர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் அறிஞர் குழுவொன்று 2021-ல் சான்றுகளை ஆராய்ந்து அறிக்கை தந்தபின், 2022-ல் அந்நாட்டுச் சட்டம் அவ்வினங்களையும் உணர்வுடைய உயிர்களாக ஏற்றுக்கொண்டது.

நண்பர் கோபத்தில் இறாலைக் கால்வாயில் விட்டுவிட எண்ணினார். வளர்ப்புயிரை நீர்நிலையில் விடுதலைச் சிங்கப்பூர்ச் சட்டம் தடுக்கிறது. அன்றியும், அது தன் பொறுப்பைப் பிற உயிர்களின் தலையில் இறக்குவதாகும். கொன்றுவிடலாமோ என்று தயங்கி நின்றபோது, அருகிருந்த அவருடைய எட்டு வயது மகன், “அப்பா, அதை உள்ளே விட்டது யார்?” என்றான். தந்தையார் விடை கூறவில்லை.

மறுநாள் இறாலுக்குத் தனித் தொட்டி வந்தது. ஒளிந்துகொள்ள உடைந்த சட்டியும், மேலே மூடியும், உணவாகத் தீனிக் குருணையும் வைக்கப்பட்டன. வேடிக்கை குறைந்தது, கொலை நின்றது. இறால் திருந்தவில்லை, திருந்த வேண்டியதும் அதுவன்று. ஓர் உயிரை அடைத்து வைப்போன், அது என்ன தின்னும், எதற்கு அஞ்சும், எங்கே ஒளியும் என்பவற்றை அடைப்பதற்கு முன்னரே அறியக் கடமைப்பட்டவன். அறிய மனமில்லாதவன் தொட்டி வாங்காதிருத்தலே அறம். நேயர்கள் சிந்திப்பார்களாக.