பூரணை நிலவும் மறைந்த சித்திரமும்

சித்திரை மாதத்துப் பூரணை, தாயை இழந்தோர் விரதம் அனுட்டிக்கும் புண்ணிய தினமாகும். ஆலயங்களில் சித்திரபுத்திரனார் கதை படிக்கப்பெறும். சித்திரைக் கஞ்சி வார்க்கப்பெறும். அன்று மாலை இளவேனில் வானில் முழுமதி எழும்போது, கைகூப்பு முன்னரே கைத்தொலைபேசியை உயர்த்துவோர் இக்காலத்தில் பலராவர். இது தகுமா என்பது சிந்தித்தற்குரியது.

படத்தில் விழுவது பெரும்பாலும் ஒரு வெண்புள்ளியே. வானில் சந்திரனின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை மாத்திரமே; நீட்டிய கையின் சின்னிவிரல் அதனை மறைத்துவிடும். மேலும் அது சூரிய ஒளி படும் நிலம், அங்கே பட்டப்பகல். கருவியோ சுற்றியுள்ள இருளை அளந்து ஒளியை மிகுதியாக ஏற்பதால் நிலவின் களங்கங்கள் அழிந்துவிடுகின்றன. ஒளியைக் குறைத்து எடுத்தால் அவை தெரியும்.

கண்ணும் தவறுவதுண்டு. பனைகளுக்கு மேல் எழும்போது பெரிதாய்த் தோன்றும் நிலவு, உச்சிக்கு வந்ததும் சிறுத்ததுபோல் தோன்றுகின்றது. இரு வேளையும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் அளவு மாறவில்லை என்பது புலனாகும். பெருப்பித்தது மனமே. ஆகவே கருவியைக் குறைகூறுதல் பொருந்தாது. குற்றம் வேறிடத்தில் உள்ளது.

ஒரு வீட்டு முற்றத்தை எண்ணிப் பார்க்கலாம். மகன் வெளிநாட்டிலுள்ள தமக்கைக்கு அனுப்பவென்று படத்தின்மேற் படமாக எடுக்கின்றான். விறாந்தையிலிருந்து முதிய தாய், "தம்பி, என்னையும் ஒருக்கா முத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போ ராசா" என்கிறாள். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்கிறான் மகன். அதற்குள் முகில் மூடிவிடுகின்றது. தமக்கைக்கு அதே நிலவு சில மணி நேரத்தில் அவள் ஊர் வானிலும் எழும். தாய்க்கோ அந்த மாலை திரும்பி வராது.

சித்திரகுப்தன் என்னும் பெயரில் சித்திரம் என்பது படம். குப்தம் என்பது மறைந்தது. கைத்தொலைபேசியில் நிலவு பதிந்த கணத்தில், மறைந்த ஏட்டில் தாய் காத்திருந்ததும் பதிகின்றது. முன்னையதை அழித்து மீண்டும் எடுக்கலாம். பின்னையதை அழித்தல் இயலாது.

படம் எடுத்தல் பாவமன்று. முதலில் தாயின் கையைப் பிடித்து முற்றத்துக்கு அழைத்துவந்து, இருவருமாக நிலவைக் கண்டபின் எடுக்கும் படம் தமக்கைக்கும் மகிழ்ச்சி தரும். தாய் மறைந்தபின் நோற்கும் விரதம் மேன்மையானதே. அவள் இருக்கும்போதே அவளோடு அமர்ந்து காணும் நிலவும் ஒரு விரதமேயாகும்.