குருதியா, கல்வியா?

அறிவும் ஆட்சித் திறனும் சில குடும்பங்களின் குருதியிலே ஊறியவை என்பர் பழமை விரும்பிகள். பிரெஞ்சு நாட்டுக் கார்னோ குடும்பத்தைச் சான்று காட்டுவர். தந்தை லாசர், புரட்சிப் படைகளை ஒழுங்கமைத்தவர். மகன் சாடி, வெப்பம் ஆற்றலாக மாறும் நெறியை ஆராய்ந்து 1824-இல் நூல் வெளியிட்டவர். அதே பெயர் தாங்கிய தம்பி மகன், 1887-இல் குடியரசுத் தலைவர்!

அதே 1887-இல் கர்நூலில் இரட்டையராய்ப் பிறந்தோர் ஆர்க்காடு இராமசாமி முதலியாரும் இலட்சுமணசாமி முதலியாரும். முன்னவர் சட்டம் பயின்று, நீதிக்கட்சியில் முழங்கி, 1946-இல் ஐ.நா. பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். பின்னவர் மருத்துவம் பயின்று, மகப்பேற்றியல் வல்லுநராகி, 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார்.

ஒரே குருதி, ஒரே நாள், பாதைகளோ இரண்டு! கோள்கள் விதித்த தொழில் எங்கே? குலம் வகுத்த தொழில் எங்கே? இருவருக்கும் பொதுவாய்க் கிட்டியது கல்வி. தனித்தனியே வாய்த்தது விருப்பம்.

குடும்பம் துணை செய்வதில்லையா? செய்கிறது. ஆனால் அது தருவது புத்தகம், ஓய்வு, ஊக்கம். இவை ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கிடத்தக்கவை.

தம்மம்பட்டிச் சிற்பியின் உளி மரத்திலே உயிர் வடிக்கிறது. விரும்பி ஏந்தினால் அவ்வுளி கலை. வேறு வழியின்றி ஏந்தினால் விலங்கு. 1953-இல் வந்த குலக்கல்வித் திட்டத்தைத் தமிழகம் எதிர்த்து, 1954-இல் வீழ்த்தியது இதனாலன்றோ?

சிற்பியின் மகள் மருத்துவராகட்டும். மருத்துவரின் மகன் உளி பிடிக்கட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் உரிமையாகும் மரபையே நாம் மரபென்று போற்றுவோம்!