வினை யார் கணக்கில்?

ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேம்பில் ஏறிய என் தம்பி, விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தான். எங்கள் ஊர் புதூரில் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் சொன்னது, "போன பிறவியில என்ன செஞ்சானோ!" நானும் சைவ சித்தாந்தம் படித்தவன், வினை உண்டென்று நம்புகிறவன். ஆனால் கட்டிலருகே நின்று அதைச் சொல்வதற்குச் சாத்திரத்தில் இடமில்லை.

வினையில், சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இன்று புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். தம்பி படுவது அவன் பிராரத்தமாகவே இருக்கட்டும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் அவனைப் புரட்டிவிடுவதும், 'அவன் விதி' என்று எழுந்து போவதும் என் ஆகாமியம். அது என் பேரில்தான் ஏறும்.

இச்சை, ஞானம், கிரியை மூன்றும் உயிரின் ஆற்றல்கள். உடம்பு அதற்கு இறைவன் தந்த கருவி. "கட்டைவிரலை அசைக்கணும்னு நெனைக்கத்தான் செய்றேன்ணே, அது கேக்க மாட்டேங்குது" என்பான் தம்பி. இச்சை அப்படியே இருக்கிறது. சேதி போகிற வழிதான் தண்டுவடத்தில் நசுங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரெகுவார் கூர்தீன் குழுவினர் 2023-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 2011-ல் சைக்கிள் விபத்தில் அடிபட்ட கெர்ட்-யான் ஓஸ்கம் என்பவர் நடக்க நினைப்பதை, மூளைமேல் பொருத்திய மின்முனைகளால் அறிந்து, காயத்துக்குக் கீழே தண்டுவடத்துக்கு மின்துடிப்பாக அனுப்பினார்கள். ஊன்றுகோலோடு நடந்தார். அவருடையது முழுதாக அறுபட்ட தண்டுவடம் அல்ல. ஊரூராகக் கிடைக்கும் வைத்தியமும் அல்ல இது. ஆனால் அத்தனை ஆண்டும் அவருடைய இச்சை மங்காமல் இருந்திருக்கிறதே! கருவியைப் பழுது பார்ப்பது இறைவனுக்கு எதிர் என்று எவர் சொன்னாலும் ஒப்பமாட்டேன்.

பழுது தீராவிட்டாலும் கிரியை நிற்பதில்லை. ஆய்க்குடி ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கம் தொடங்கினார்; 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். எங்கள் வீட்டில் உளுந்தும் வத்தலும் எடைபோட்டுக் கணக்கெழுதுவது இப்போது தம்பிதான்.

விழுந்தவரைத் தூக்கும் கையிலும் ஆகாமியம் உண்டு. மரத்திலிருந்தோ கிணற்றிலோ விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல், 108 ஆம்புலன்ஸ் வரும்வரை படுத்தபடியே இருக்கட்டும். நகர்த்தியே ஆகவேண்டுமென்றால், நாலுபேர் சேர்ந்து உடம்பு வளையாமல் பலகையில் ஏற்றுங்கள்.