கரையேறிவிட்டோமா?

(கரமனையில் பூரணை நாளன்று கூடிய அன்பர்களிடையே நிகழ்த்திய தம்ம உரை)



 

சற்று முன்னர் நாம் அனைவரும் ஒருமுகமாய்த் திரிசரணம் கூறினோம், பஞ்சசீலம் ஏற்றோம். சென்ற பூரணையன்றும் இவ்வாறே ஏற்றோம். அன்று கூட்டம் கலைந்தபின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து ஒரு வினா விடுத்தார். "ஐயா, பௌத்தம் தழுவியதால் சாதிக் கடலைக் கடந்து கரையேறிவிட்டோம் என்று மேடைதோறும் சொல்கிறீர்கள். என் தங்கைக்கு வரன் பேச வந்தவர்களும் பௌத்தர்களே. ஆயினும் அவர்கள் முதலில் கேட்டது, 'நீங்கள் எந்தப் பிரிவிலிருந்து வந்த பௌத்தர்கள்?' என்பதுதான். நாம் கரையேறிவிட்டோமா?" என்றார். அவருக்கு அன்றே விடை கூற இயலாமல் நான் நாணி நின்றேன். ஆதலின் இன்று அவருடைய வினாவையே என் உரைக்குப் பொருளாகக் கொள்கிறேன்.

இவ்வூரை ஒட்டி ஓடும் கரமனையாற்றை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அகத்திய மலைச் சாரலில் தோன்றி, வழியில் கிள்ளியாற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, கோவளத்துக்கு அண்மையில் பனத்துறையில் அரபிக்கடலில் கலக்கிறது. கலந்தபின் கடல்நீரை ஒரு குடத்தில் மொண்டு, இது கரமனை நீர், இது கிள்ளி நீர் என்று பிரித்துக் காட்ட வல்லார் எவரேனும் உளரோ? ஆறுகள் கடலை அடைந்ததும் தத்தம் பெயரை இழப்பதுபோல, எக்குலத்தில் பிறந்தோரும் சங்கத்தில் புகுந்ததும் பழம்பெயரை இழக்கின்றனர் என்று பகவான் அருளினார். அழகிய உவமை, நாம் அடிக்கடி எடுத்தாளும் உவமை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகிறோம். ஆறு பள்ளம் நோக்கித் தானே ஓடிச் சேர்ந்துவிடுகிறது. மனிதனோ முயன்று கடக்க வேண்டியவன். அவன் எவ்வாறு கடக்கிறான் என்பதை, நீர்மேல் செல்வோரைக் கொண்டே ஆராய்வோம்.

நீர்மேல் செல்வோர் மூவகையினர். இன்பத்துக்காகச் செல்வோர் ஒருவகை. தம் துணிவைச் சோதிக்கச் செல்வோர் மற்றொரு வகை. பிழைப்புக்காகவும் உயிருக்காகவும் செல்வோர் மூன்றாம் வகை.

முதல் வகையினரை வேளிக் காயலிலும் பூவாற்றின் கழிமுகத்திலும் காணலாம். குடும்பத்தோடு வந்து, படகேறி, காற்று வாங்கி மகிழ்கின்றனர். இதில் பாவம் ஏதும் இல்லை. பிக்குகளுக்கு நீர்விளையாட்டை விநயம் விலக்கியுள்ளது. இல்லறத்தாருக்கு அவ்விலக்கு இல்லை. உழைத்துக் களைத்த ஒருவர் ஓய்வுநாளில் மனைவி மக்களோடு படகில் செல்வதைத் தம்மம் தடுக்கவில்லை. ஆனால் இன்பப் பயணம் துன்பமாய் முடிந்த இடங்களை நாம் கண்திறந்து நோக்குதல் வேண்டும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையோரத்தில் தென்பட்ட காட்டு விலங்குகளைக் காணும் ஆவலில், பயணிகள் ஒரே பக்கத்துக்கு நகர்ந்தனர் என்றும், அதனால் படகு சாய்ந்தது என்றும் அந்நாளில் செய்திகள் கூறின. உயிர்காப்பு அங்கி அவர்கள் உடலில் இல்லை. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் மற்றோர் உல்லாசப் படகு, அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிச் சென்று கவிழ்ந்தது. 22 உயிர்கள் மடிந்தன, அவர்களுள் குழந்தைகள் பலர்.

அன்பர்களே, இத்தகைய செய்தி கேட்டதும் 'விதி' என்பார் சிலர்; 'முற்பிறப்பின் வினை' என்பார் வேறு சிலர். பௌத்தர் அவ்வாறு கூறலாகாது. இஃது இருப்பதால் அஃது உண்டாகிறது என்பதே பகவான் காட்டிய நெறி. மிகைப்பாரம் ஒரு காரணம்; ஒருபக்கச் சாய்வு ஒரு காரணம்; அங்கி அணியாமை ஒரு காரணம். இறந்த குழந்தையின் தலையில் வினையைச் சுமத்துவது அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும். காரணத்தை அறிந்தவன்தான் அடுத்த படகைக் காக்க முடியும்.

இன்னும் ஒன்று கேளுங்கள். பகவானின் வரலாற்றை மலையாளத்தில் பாடியவரும், 'சண்டாள பிட்சுகி', 'கருணை' ஆகிய காவியங்களை இயற்றியவருமான மகாகவி குமாரன் ஆசான், இம்மாவட்டத்துத் தோன்னக்கலில் வாழ்ந்தவர். 1924 சனவரி 16 அன்று, பல்லனையாற்றில் படகு கவிழ்ந்து அவர் மறைந்தார். அதுவும் கூட்டம் மிகுந்த படகே. அப்படகின் பெயர் யாது தெரியுமோ? 'ரிடீமர்', மீட்பர் என்பது அதன் பொருள். மீட்பர் என்று பெயர் எழுதியிருந்தது, பெயர் மீட்கவில்லை. 'பௌத்தர்' என்று பள்ளிப் பதிவேட்டில் எழுதிவிட்டால் போதும் என்று எண்ணும் நாம், பல்லனையாற்றை ஒருகால் நினைத்துப் பார்த்தல் நலம்.

இனி இரண்டாம் வகையினர். கேரளத்தில் பிறந்தவரும், கடற்படை அதிகாரியாக இருந்தவருமான அபிலாஷ் டோமி, பாய்மரப் படகில் தனியராய், எங்கும் நில்லாமல் உலகை வலம்வந்த முதல் இந்தியர். 2013இல் அப்பயணத்தை முடித்தார். பின்னர் 2018 சூலை 1 அன்று, பிரான்சிலிருந்து புறப்பட்ட தனிநபர் உலகவலப் போட்டியில் கலந்துகொண்டார். 1968ஆம் ஆண்டுக் காலத்துக் கருவிகளைக் கொண்டே படகு செலுத்த வேண்டும் என்பது அப்போட்டியின் விதி. செப்டம்பர் 21 அன்று, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், கடும்புயலில் அவருடைய 'துரியா' என்னும் படகின் பாய்மரம் ஒடிந்தது. அவருடைய முதுகெலும்பும் அடிபட்டது. எழுந்து நடக்கவும் இயலாமல் அவர் படகினுள் கிடந்தார்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. அதே புயலில் அயர்லாந்து நாட்டவரான கிரெகர் மெக்கக்கின் என்பவரின் படகும் பாய்மரத்தை இழந்தது. அவர் போட்டியாளர், ஒருவகையில் எதிரி. அவரோ, மிஞ்சிய மரத்தையும் கயிற்றையும் கொண்டு தற்காலிகப் பாய்மரம் ஒன்றைக் கட்டி நாட்டினார். கட்டிய உடனே அதைக்கொண்டு எத்திசையில் சென்றார்? தம் ஊரை நோக்கியன்று. அடிபட்டுக் கிடந்த டோமியை நோக்கி. செப்டம்பர் 24 அன்று 'ஓசிரிஸ்' என்னும் பிரெஞ்சு ரோந்துக் கப்பல் டோமியை முதலில் அடைந்து மீட்டது. மெக்கக்கினையும் பின்னர் ஏற்றிக்கொண்டது. முந்திச் சேர்ந்தது கப்பல்தான். ஆயினும் உடைந்த படகோடு உடைந்தவனை நாடிப் புறப்பட்ட அந்த உள்ளத்தை நாம் மைத்திரி என்று அழைக்காமல் வேறு எப்பெயரால் அழைப்போம்?

உடல் தேறிய டோமி மீண்டும் அதே போட்டியில் இறங்கினார். வழியில் பழுதுபட்ட உறுப்புகளைப் படகில் கிடைத்த பலகைகளைக் கொண்டே திருத்திக்கொண்டு, 2023 ஏப்ரலில் இரண்டாமவராய்க் கரை சேர்ந்தார். கையில் இல்லாததற்காக அழவில்லை. கையில் உள்ளதை எடுத்து ஆள்வது எவ்வாறு என்று சிந்தித்தார். இது வீரியம் என்னும் பாரமிதை.

மூன்றாம் வகையினர் நம் அண்டை வீட்டார்: பூந்துறை, விழிஞ்ஞம், குமரிக் கடற்கரை மீனவர். இக்கரைகளில் வழங்கும் கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். சில மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது, அவ்வளவே. அதற்குள் நீர் நிரம்பக் குழி இல்லை. ஆதலின் அலை மேலே புரண்டாலும் அது மூழ்குவதில்லை. ஏழையின் இப்படகுச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று; இன்று செல்வரின் உல்லாசப் படகுகளும் அப்பெயரைத் தாங்குகின்றன.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது கடலில் இருந்த இம்மீனவர் பலர் திரும்பவில்லை. திரும்பியவருள் சிலர் கவிழ்ந்த படகையும் மிதக்கும் பொருளையும் பற்றிக்கொண்டு உயிர் காத்தனர். இறுக மூடிய 20 லிட்டர்க் காலிக் கேன் ஒன்று, நீரில் ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தாங்க வல்லது. நீரினுள் இருக்கும் மனிதன் தலையை மேலே வைத்துக்கொள்ள அதில் பாதியும் தேவையில்லை. இரண்டே நிபந்தனை: உள்ளே வெறுமையாய் இருத்தல் வேண்டும், மூடி இறுகியிருத்தல் வேண்டும். நான் எனது என்னும் பாரம் நீங்கிய உள்ளமும், சீலம் என்னும் இறுகிய மூடியும் அவ்வாறே நம்மை மிதக்கச் செய்வன. மூடி தளர்ந்தால் கேன் மெல்ல மெல்ல நிறையும்; மூழ்கும் வரையில் நமக்குத் தெரியாது.

ஒக்கி அடித்து ஓராண்டும் நிறையவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அப்போது அம்மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர் முதலிய உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். கூரைமேல் தவித்த ஆயிரமாயிரம் மக்களை மீட்டனர். மீட்கப்பட்டவன் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்டுப் படகில் ஏற்றினார்களோ? வெள்ளத்தில் கை நீட்டியவனிடம் எவரும் குலம் கேட்பதில்லை. வெள்ளம் வடிந்தபின்தான் கேட்கிறோம்!

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு பகவானின் தெப்ப உவமைக்கு வருவோம். வழிப்போக்கன் ஒருவன் பெருவெள்ளத்தைக் காண்கிறான். இக்கரை அச்சம் நிறைந்தது, அக்கரை அச்சமற்றது. ஓடமும் இல்லை, பாலமும் இல்லை. அவன் புல்லையும் குச்சியையும் கிளையையும் இலையையும் திரட்டித் தெப்பம் கட்டி, கையாலும் காலாலும் துழாவி அக்கரை சேர்கிறான். சேர்ந்தபின், 'இத்தெப்பம் எனக்குப் பேருதவி செய்தது' என்று அதைத் தலையில் சுமந்து செல்வது தகுமோ என்று பகவான் வினவுகிறார். தகாது, தம்மம் கடப்பதற்கே, பற்றிக்கொள்வதற்கன்று என்று முடிக்கிறார்.

தெப்பம் கட்டப் பகவான் சொன்ன பொருள்களைக் கவனியுங்கள். சந்தன மரமன்று, தேக்கு மரமன்று. காலடியில் கிடக்கும் புல்லும் குச்சியும். நமக்கு விகாரை இல்லை, பிக்குகள் இல்லை, பொருள் இல்லை என்று காத்திருப்போர் இதை ஓர்தல் வேண்டும். இருப்பதைக்கொண்டு கட்டலாம். ஆனால் கை கால் அசைக்காமல் கடக்கலாம் என்று பகவான் கூறவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோரோடு தம்மம் ஏற்றது தெப்பத்தை நீரில் இறக்கிய நாள். அதற்கு முன்பே, 1898இல், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட பண்டிதர் அயோத்திதாசர் நம் தெப்பத்துக்கு முதற்கயிறு முறுக்கியவர். அவர்கள் இறக்கிய தெப்பத்தில் ஏறி அமர்ந்து, கொடி கட்டி, விளக்கேற்றி, விழா நாள்தோறும் கரையோரமாய் உலாவிவருவதோடு நாம் நின்றுவிட்டோமானால், அது கடக்கும் தெப்பமன்று; உல்லாசப் படகு.

ஆகவே அவ்விளைஞருக்கு என் விடை இது: தம்பி, நாம் இன்னும் கரையேறவில்லை, நடுவெள்ளத்தில் இருக்கிறோம். பெண் கேட்க வந்த வீட்டில் பிரிவு கேட்பவர், தேக்கடிப் படகில் ஒரு பக்கம் சாய்ந்தவரைப் போன்றவர். அவர் தீயவர் அல்லர். பழைய கரையில் ஏதோ ஒன்றைக் காண ஆசைப்பட்டுச் சாய்கிறார். ஆனால் அவர் சாய்வால் கவிழ்வது அவர் மட்டுமன்று, நாம் அனைவரும்.

கரையேறியவனை எவ்வாறு அறிவது? மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் கதை உண்டு. கலம் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றி மிதந்து, நாகர் வாழும் மலையை அடைந்தான். அவனைக் கொல்ல வந்தவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசி உயிர் தப்பினான். கள்ளையும் ஊனையும் மறுத்தான். பின்னர் அவர்களிடம் வேண்டியது யாது? இனிக் கலம் உடைந்து இக்கரையில் ஒதுங்கும் எவரையும் கொல்லாதீர் என்பதே. தான் பிழைத்ததும், இனி மூழ்கவிருப்பவனை நினைத்தான். ஆடையிலும் கரையிலும் அன்று, அந்த நினைவிலே அவன் கரையேறினான்.

அன்பர்களே, இன்று வீடு திரும்புமுன் மூன்று உறுதி கொள்வோம். படகேறினால் உயிர்காப்பு அங்கி அணியாமல் அமரோம். நம் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிப்போம். உயிரைக் காத்தலும் முதற்சீலத்தின் பகுதியே. காலையில் கூறும் பஞ்சசீலத்தை மூலையில் தொங்கும் அங்கிபோல் விடாமல், நாள் முழுதும் உடுத்தியிருப்போம். நம் வீட்டுத் திருமணப் பேச்சில் பிரிவு கேளோம். கேட்போர்க்கு விடையும் அளியோம். இம்மூன்றாவதே மிகக் கடினம். ஆதலின் அதுவே நம் தெப்பத்தின் முடிச்சு. இங்கே பெண்ணும் பிள்ளையும் வளர்க்கும் பெற்றோர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். அவ்விளைஞரும் அதோ அமர்ந்திருக்கிறார். அடுத்த பூரணைக்குள் அவருடைய தங்கையைப் பற்றி, 'பெண் எப்படிப்பட்டவள்?' என்று மட்டும் கேட்டு ஒருவர் அவர் வாயிலில் நிற்பாராயின், நாம் ஒரு முழம் நீந்தியிருப்போம்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க!

சாது! சாது! சாது!