பெயர்ப் பட்டியல்

நாகர்கோவிலில் நாங்கள் சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள். இரட்சணிய சேனைக்காரர்கள் வெள்ளை யூனிபார்மில் டிரம் அடித்துக்கொண்டு தெருவில் போனால் பாட்டி முகத்தைச் சுளிப்பாள். "அவியளுக்கு ஞானஸ்நானமும் கெடையாது, ராப்போஜனமும் கெடையாது. பின்ன அது என்ன சபை?" அதே பாட்டி, இடுப்பு வலி வந்தால் புத்தேரியில் அவர்கள் நடத்தும் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரிக்குத்தான் போவாள்.

அந்த ஆஸ்பத்திரி 1890-களில் ஒரு குளியலறையில் தொடங்கியது. ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர் அங்கே மருந்துப் புட்டிகளை அடுக்கிவைத்து, வருகிறவர்களின் புண்ணுக்குக் கட்டுப் போட்டார்.

சேனையின் பிறப்பும் அப்படித்தான். 1865-இல் கிழக்கு லண்டன் சேரியில் வில்லியம் பூத்தும் மனைவி கேத்தரினும் ஆரம்பித்தார்கள். காசு கட்டியவர்களுக்கு இருக்கை ஒதுக்கிய ஆலயங்கள் நிறைய இருந்த காலம். கிழிந்த சட்டைக்காரன் அங்கே எங்கே போய் உட்காருவான்? அதனால் பிரசங்கம் தெருவுக்கு வந்தது. பெண்களும் பிரசங்கித்தார்கள். 1891-இல் தீப்பெட்டித் தொழிற்சாலைகூட வைத்தார்கள். மற்ற ஆலைகளில் வெள்ளை பாஸ்பரஸ் தொழிலாளிகளின் தாடை எலும்பை அரித்துக்கொண்டிருந்தபோது, இங்கே சிவப்பு பாஸ்பரஸ், கூலியும் கூடுதல். இன்று 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் சேனை இருக்கிறது.

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் பூத் டக்கர். ஐ.சி.எஸ். வேலையை உதறிவிட்டு 1882-இல் பம்பாயில் வந்து இறங்கினார். காவி, தலைப்பாகை, வெறுங்கால், ஃபக்கீர் சிங் என்று புதுப்பெயர். ஊர்வலம் போனதற்காகப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. வெள்ளைக்காரன் வெறுங்காலோடு நடந்தால் சர்க்காரின் மானம் என்னாவது!

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை அழகாக இருக்கும். ஆனால் அதே மனிதரின் தலைமையில், 1908 முதல், 'குற்றப் பரம்பரை' என்று சர்க்கார் முத்திரை குத்திய மக்களின் குடியிருப்புகளைச் சேனை ஏற்று நடத்தியது. அந்த முத்திரையைக் குத்தியது, நம் பக்கம் கைரேகைச் சட்டம் என்பார்களே, அந்தச் சட்டம்தான். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த ஸ்டூவர்ட்புரத்தில் அப்படி முத்திரை குத்தப்பட்ட எருகுலர் மக்களுக்கு நிலம் கிடைத்தது, பள்ளிக்கூடம் கிடைத்தது. கூடவே ஆஜர் பட்டியலும். வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும்.

பூத் டக்கர் கெட்டுப்போனார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெயிலைவிட அந்தக் குடியிருப்பு மேல் என்று நம்பியிருப்பார். அவர் மோசக்காரராக இருந்திருந்தால் எனக்கு நிம்மதி. நல்லெண்ணத்தோடு போனவர் கையில் ஆஜர் நோட்டு எப்போது வந்து உட்கார்ந்தது என்பதுதான் என்னைக் குடைகிறது.

ஏனென்றால் 2020 ஊரடங்கில் எங்கள் சபை அரிசி கொடுத்தபோது நோட்டுப் பிடித்தவன் நான். ஐந்து கிலோ அரிசி, பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய். ரேஷன் கார்டைக் காட்டச் சொன்னேன். பையை வாங்கியவர்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தோம். ஒரு பெண் பையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் இறக்குங்கக்கா, மூஞ்சி தெரியல" என்றேன். இறக்கினாள்.

அந்த நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஏழு பெயர்களுக்கு எதிரே, சிவப்பு மையில், என் கையெழுத்தில்: 'ஏற்கெனவே வாங்கியவர்.'