பழகிய கையும் புதிய ஒழுங்கும்

மனிதன் பெறும் அறிவு இருவகைப்படும். ஒன்று, சொல்லக்கூடிய அறிவு. மற்றொன்று, செய்யக்கூடிய அறிவு. கத்தியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று பால்மரம் வெட்டும் தொழிலாளியைக் கேட்டால், அவர் விளக்கத் தடுமாறுவார். ஆயினும் விடியற்காலை இருளில் அவருடைய கை தவறுவதில்லை. ஆங்கில மெய்யியலார் கில்பர்ட் ரைல், மனத்தைப் பற்றித் தாம் எழுதி 1949-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். செய்யும் அறிவு கையில் குடியிருக்கிறது. அது மெல்ல வருவது, உழைப்பால் வருவது, வந்தபின், வந்ததே தெரியாமல் நிற்பது.

இத்தகைய கையறிவு யாருடைய உடைமை? கருவியைச் செய்தவர் கருவியின் ஒழுங்கை ஒருநாள் மாற்றிவிடுகிறார். பழகியவரின் அறிவு அன்றே பயனற்றுப் போகிறது. அவ்வாறு மாற்ற அவருக்கு உரிமை உண்டா? உரிமை உண்டெனில், அதனோடு கடமையும் உண்டா? சிறியதாகத் தோன்றும் இவ்வினா, ஆராய ஆராய ஆழமாவது. கணினியில் எழுதும் தலைமுறை இதனை நேரில் சந்தித்தது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'வேர்ட்' என்னும் சொற்செயலி, உலகெங்கும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பரவிய கருவி. அதன் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில், திரையின் மேற்புறத்தில் ஒன்பது பட்டியல்கள் இருந்தன. கோப்பு, திருத்தம், காட்சி, செருகல் என்று அவை வரிசையாக நின்றன. 2007-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் பொது விற்பனைக்கு வந்த புதிய பதிப்பில் அவ்வரிசை அடியோடு மறைந்தது. அகன்ற நாடா ஒன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 'ரிப்பன்' என்றே அதற்குப் பெயரும் இட்டனர்.

குளுவாங் வட்டாரத்தில் ஒரு தமிழாசிரியர், பத்தாண்டுக் காலம் பழைய பதிப்பிலேயே தேர்வுத்தாள்களைத் தட்டச்சிட்டு வந்தவர் என்று கொள்ளலாம். புதிய பதிப்பு நிறுவப்பட்ட காலையில் அவர் என்ன காண்பார்? 'காட்சி' என்னும் பட்டியலில் இருந்த தலைப்பகுதி, அடிப்பகுதிக் கட்டளைகள் 'செருகல்' பிரிவுக்குக் குடிபெயர்ந்திருக்கும். 'கோப்பு' என்பதன்கீழ் இருந்த பக்க அமைப்பு தனக்கெனத் தனிப்பிரிவு பெற்றிருக்கும். சொல்லைத் தேடி மாற்றும் கட்டளை நாடாவின் வலக்கோடியில் ஒதுங்கியிருக்கும். அட்டவணையைத் திருத்தும் கருவிகளோ, அட்டவணைக்குள் சுட்டி நின்றால் மட்டுமே தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சிடும் கட்டளை எங்கே? மேல் இடமூலையில் பெயரெழுதாத வட்டம் ஒன்று இருந்தது. பலர் அதனை அணிச்சின்னம் என்றே எண்ணினர். அச்சிடும் கட்டளை அவ்வட்டத்தினுள்ளே இருந்தது.

அவருக்குத் தமிழ் தெரியும். தேர்வுத்தாளின் அமைப்பும் தெரியும். நேற்றுவரை அதனை அரைமணி நேரத்தில் முடித்தவர் இன்று தொடங்கும் இடம் அறியாமல் திகைக்கிறார். அறிவு குறையவில்லை, ஆற்றல் குறைந்துவிட்டது. அதனினும் கொடியது ஒன்று உண்டு. பழைய ஒழுங்கில் பழகாத மாணவன் புதியதை எளிதில் பற்றிக்கொள்கிறான். ஆசிரியர் அவனிடம் கேட்க வேண்டியவராகிறார். கேட்பதற்குத் தயங்கும் ஆசிரியர் கருவியையே கைவிடுவதும் உண்டு. ஒரு கட்டளை இடம்பெயர்ந்ததால் ஒரு மனிதரின் தன்னம்பிக்கையும் இடம்பெயர்கிறது.

இனி, மாற்றியவர் பக்கமும் கேட்கத்தக்கது. அப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவரான ஜென்சன் ஹாரிஸ், மாற்றத்திற்குரிய காரணங்களை விரிவாக விளக்கியுள்ளார். வேர்டின் முதற்பதிப்பில் ஏறத்தாழ 100 கட்டளைகள் இருந்தன. 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை 1500-ஐக் கடந்துவிட்டன. நூறு பொருளுக்காகக் கட்டிய அலமாரியில் ஆயிரத்தைந்நூறு பொருளை அடைத்தால் என்னவாகும்? உள்ளிருப்பது உள்ளேயே புதைந்துபோகும். புதிதாக வேண்டும் என்று பயனர் கேட்டனுப்பிய வசதிகளுட் பல, கருவியினுள் முன்னரே இருந்தவை! இருப்பதையே இல்லை என்று எண்ணும் நிலை வந்தபின், அலமாரியை மாற்றாமல் இருப்பதும் தவறாகும்.

இங்கே எளிதில் மறக்கப்படும் உண்மை ஒன்று வெளிப்படுகிறது. பழைய ஒழுங்கு எளிது என்று கூறுவோர் யாவரும், அதனை ஒருகாலத்தில் அரிதாகக் கற்றவர்களே. பட்டியலைத் திறந்து திறந்து மூடியவர்கள்; பிறரைக் கேட்டுக் கேட்டு அறிந்தவர்கள். அவர்கள் பட்ட துன்பம் பழக்கத்தில் கரைந்துவிட்டது. புதிதாக வரும் மாணவனுக்கோ அத்துன்பம் இன்னும் முன்னே நிற்கிறது. ஆகவே இவ்வழக்கு, மாற்றுவோருக்கும் பயன்படுத்துவோருக்கும் இடையே மட்டும் நிகழ்வதன்று. கற்றுமுடித்தோருக்கும் இனிக் கற்கப்போவோருக்கும் இடையே நிகழ்வதும் ஆகும். வருகின்ற தலைமுறையின் நன்மைக்காக, இருக்கின்ற தலைமுறை விலை கொடுக்கிறது. அவ்விலையைக் கேட்பது அறமா?

தமிழுலகிற்கு இவ்வினா புதிதன்று. பெரியார் ஈ. வெ. இராமசாமி, எழுத்துச் சீர்மையை 1935-ஆம் ஆண்டு சனவரியில் தம் 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்தத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978-ஆம் ஆண்டில் அதன் பெரும்பகுதியை ஏற்று ஆணையிட்டது. 'ணா', 'றா', 'னா', 'லை', 'னை' முதலிய பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்திருந்த ஐகாரக் குறி மறைந்தது. பிற எழுத்துகளுக்குரிய பொதுக்குறியே அவற்றுக்கும் வந்தது. மலேசியத் தமிழ்ப் பள்ளிகளிலும் இன்று வழங்குவது அவ்வடிவமே. விதிவிலக்குகளை மனப்பாடம் செய்யும் சுமை குழந்தைக்குக் குறைந்தது. அச்சுக்கோப்பவரின் வேலையும் எளிதாயிற்று. ஆனால் முதியவரின் கண் சிறிது காலம் இடறியது. பழைய நூல்களை எடுக்கும் சிறுவன் இன்றும் அவ்வெழுத்துகளின் முன் ஒரு கணம் நிற்கிறான்.

ஆயினும் அம்மாற்றம் நிலைத்தது. காரணம் என்ன? 1935-க்கும் 1978-க்கும் இடையே 43 ஆண்டுகள் சென்றன. அக்காலமெல்லாம் இரு வடிவங்களும் அருகருகே வாழ்ந்தன. ஒன்றைப் படித்தவர் மற்றொன்றையும் கண்டு பழகினர். புதிய வடிவம் வலிந்து திணிக்கப்படுமுன் அறிமுகமாகியிருந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் கருதத்தக்கது. சுவீடன் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் சென்றுவந்தன. அதனை வலப்புறமாக மாற்றலாமா என்று 1955-ஆம் ஆண்டில் மக்களைக் கேட்டபோது, நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கூடாது என்றே வாக்களித்தனர். எனினும் நாடாளுமன்றம் 1963-ஆம் ஆண்டில் மாற்றத்தை முடிவுசெய்தது. 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் விடியற்காலையில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பக்கம் மாறிற்று. சாலையில் இரு ஒழுங்குகள் அருகருகே வாழ முடியாது. வாழ்ந்தால் உயிர் போகும். ஆதலின் அங்கே படிப்படியான மாற்றத்திற்கு இடமில்லை. அக்குறையை நான்காண்டு முன்னேற்பாடும் பரவலான அறிவிப்பும் ஈடுசெய்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்து ஒரு நெறி பிறக்கிறது. இரண்டு ஒழுங்குகள் ஒருங்கே நிற்க இயலாத இடத்தில், மாற்றுபவர் முன்னறிவிப்புத் தரக் கடமைப்பட்டவர். அவை ஒருங்கே நிற்கக்கூடிய இடத்திலோ, முன்னறிவிப்போடு தேர்வும் தரக் கடமைப்பட்டவர்.

தமிழ்த் தட்டச்சின் வரலாறு இந்நெறிக்கு நல்ல சான்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழுக்குத் தட்டச்சுப்பொறியை ஆக்கித் தந்தார். அப்பொறியில் 'கொ' என்று அடிக்க, கொம்பும் ககரமும் காலும் என மூன்று விசைகள் வேண்டும். கண் காணும் வரிசையே கை செல்லும் வரிசை. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான 'தமிழ்99' விசைப்பலகையில், ககரத்தை அடித்து ஒகரத்தை அடித்தால் போதும். செவி கேட்கும் வரிசையே கை செல்லும் வரிசை. புதியது இலக்கண அறிவோடு இயைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தட்டச்சுப்பொறியில் விரல் பழகியவரை யாரும் துரத்தவில்லை. தமிழ் உள்ளீட்டு மென்பொருள்கள் பல, பழைய தட்டச்சு முறையையும் தமிழ்99 முறையையும் உடன்வைத்து, தேர்வைப் பயனரிடமே விட்டன. பழையவர் பழைய வழியில் எழுதினர். புதியவர் புதிய வழியில் எழுதினர். இரு வழியாலும் வந்தது ஒரே தமிழ்.

இந்நெறியைக் கொண்டு 2007-ஆம் ஆண்டின் மாற்றத்தை அளந்தால், நிறையும் குறையும் தெரியும். பழகிய விசைக் குறுக்குவழிகள் பலவற்றை வைத்துக்கொண்டது நிறை. 'கன்ட்ரோல்' விசையோடு 'எஸ்' விசையை அழுத்தினால் சேமிப்பதும், 'பி' விசையை அழுத்தினால் அச்சிடுவதும் மாறவில்லை. பழைய கட்டளை புதிய திரையில் எங்குள்ளது என்று காட்டும் வழிகாட்டியை வெளியிட்டதும் நிறையே. ஆனால் பழைய பட்டியலுக்குத் திரும்பும் வாயிலை முற்றிலும் அடைத்தது குறை. திரை சாலையன்று, இரு ஒழுங்குகளும் அதில் வாழ இடமுண்டு. அவ்வாயிலைத் திறந்துவிடும் துணைமென்பொருள்களைப் பிறர் செய்து விற்கும் அளவிற்குத் தேவை இருந்தது. பெயரில்லாத வட்டமும் நீடிக்கவில்லை. 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'கோப்பு' என்னும் பெயரே அவ்விடத்திற்கு மீண்டுவந்தது. லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருளோ பழைய பட்டியலை விடாமல், நாடா போன்ற அமைப்பையும் பின்னர்ச் சேர்த்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னது.

மாற்றுவோரின் கடமை இவ்வாறாயின், பழகியோரின் கடமை யாது? பழமையைப் பற்றிக்கொண்டு வருந்துவது மட்டும் அறமாகாது. காலத்தால் வரும் மாற்றம் குற்றமன்று என்று, மொழிக்கு விதி வகுத்த நன்னூலாரே இடங்கொடுத்தார். கருவியைப் பழகுவோர் இரண்டைப் பிரித்தறிய வேண்டும்: ஒன்று, பொருள், மற்றொன்று, அப்பொருள் இருக்கும் இடம். இரண்டாவது பட்டியலில் ஏழாவது வரி என்று மட்டும் கற்றவர், வரி மாறியதும் வழி இழப்பார். பக்கத்தின் ஓரத்தை அளப்பது பக்க அமைப்பு என்று கற்றவர், அதனை எங்கு வைத்தாலும் தேடிக் கண்டுபிடிப்பார். 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில், செய்ய விரும்புவதைச் சொல்லால் எழுதினாலே கட்டளையைக் காட்டும் பெட்டி ஒன்று வந்தது. பெயர் அறிந்தவனுக்கு அப்பெட்டி கதவு. இடம் மட்டும் அறிந்தவனுக்கு அது சுவர்.

குளுவாங் மக்களுக்கு இது தெரியாததன்று. பழவௌவாலைக் குறிக்கும் 'கெலுவாங்' என்னும் மலாய்ச் சொல்லால் பெயர்பெற்ற ஊர் இது. மலாய் மொழியின் உரோமன் எழுத்துக்கூட்டல் 1972-ஆம் ஆண்டில் சீர்திருத்தப்பட்டது. சொற்கள் பலவற்றின் எழுத்துகள் மாறின. அதனால் எந்தப் பொருளும் தொலைந்துவிடவில்லை. எழுத்து மாறினும் சொல்லைச் சொல்லால் அறிந்தவர்கள் வழி தவறவில்லை.

ஆகவே வகுப்பறையில் கணினியைக் கற்பிக்கும் ஆசிரியர், எங்கே அழுத்துவது என்பதோடு ஏன் அழுத்துவது என்பதையும் கற்பித்தல் வேண்டும். இடத்தைக் கற்பிப்பது இவ்வாண்டிற்கு உதவும். காரணத்தைக் கற்பிப்பது எவ்வாண்டிற்கும் உதவும். மாணவனுக்கும் ஒரு பங்கு உண்டு. புதிய திரையின் முன் திகைத்து நிற்கும் மூத்தவரைக் கண்டு நகைப்பது எளிது. அவர் கையிலிருந்து சுட்டியைப் பறித்துத் தானே செய்து முடிப்பது அதனினும் எளிது. அருகில் நின்று, வழியை மட்டும் காட்டி, அவர் கையாலேயே அவரைச் செய்யவிடுவது அரிது. அரியதே அறம். இன்று விரைந்து செல்லும் விரல்களுக்கும் ஒருநாள் அறிமுகமில்லாத திரை வரும்.

மாற்றம் நிற்காது, நிற்கவும் கூடாது. கருவிகள் செப்பமுறுவது மனித முயற்சியின் இயல்பு. ஆனால் ஒவ்வொரு பழைய ஒழுங்கின்மேலும் எண்ணற்ற மனிதரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கிறது. அதனை எடுத்துப்போடுபவர், உழைத்தவர் முன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். காலம் தரக் கடமைப்பட்டவர். இயலுமிடத்தில் பழைய வழியையும் திறந்துவைக்கக் கடமைப்பட்டவர். புதிய வீடு கட்டுவோர், பழைய வீட்டின் திறவுகோலை உடனே கிணற்றில் எறிவதில்லை. உள்ளிருப்போர் யாவரும் குடிபுகும்வரை அதனைக் கையில் வைத்திருப்பதே பண்பு.