கிழிந்த துணியும் சதகாவும்

ரமளானின் கடைசிப் பத்து வந்துவிட்டால் நம் வீடுகளில் பீரோக்கள் திறக்கப்படுகின்றன. பெருநாளுக்குப் புதுத்துணி எடுத்தாயிற்று. பழையதை வைக்க இடமில்லை. கரை நைந்த சேலை, உட்காருமிடம் கிழிந்த கைலி, காலர் தேய்ந்த சட்டை, பித்தான் உதிர்ந்த பிள்ளைகளின் உடுப்பு எல்லாம் ஒரே மூட்டையாகி, வாசலுக்கு வரும் மிஸ்கீனிடமோ வீட்டு வேலை செய்யும் பெண்ணிடமோ போய்ச் சேருகின்றன. கொடுத்தவருக்குச் சதகா செய்துவிட்ட நிறைவு. அந்த நிறைவுக்கு அவர் உரியவர்தானா என்பதைத்தான் நாம் சற்று யோசிக்க வேண்டும்.

அல்பகரா அத்தியாயத்தின் 267-வது வசனத்தில், நல்லவற்றிலிருந்து செலவிடச் சொல்லும் அல்லாஹுதஆலா, மட்டமானதைத் தேடிப் பொறுக்கிக் கொடுப்பதைத் தடுக்கிறான். அதே பொருளை நமக்கு ஒருவர் தந்தால் முகம் சுளிக்காமல் வாங்க மாட்டோம் என்பதையும் நினைவூட்டுகிறான். மதீனாவில் ஏழைகள் உண்பதற்காக மஸ்ஜிதில் பேரீச்சங் குலைகளைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. சிலர் சொத்தைக் குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். அதையொட்டி இறங்கிய வசனம் இது என்ற பராஉ (ரலி) அவர்களின் அறிவிப்பு திர்மிதியில் இருக்கிறது.

“புத்தாடை அணிந்து அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுப் பழைய ஆடையைத் தர்மம் செய்பவருக்குச் சிறப்பு உண்டென்று உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு ஹதீஸ் இருக்கிறதே?” என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது; அதுவும் திர்மிதியில்தான். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை ஏற்றுக்கொண்டே பார்த்தாலும், உடுத்திப் பழகிய ஆடை வேறு, உடுத்தவே முடியாத கந்தல் வேறு. அந்தச் சேலையைத் துவைத்து மடித்து உங்கள் கூடப்பிறந்த தங்கைக்குக் கொடுக்க மனம் வருமா? வருமென்றால் தாராளமாகக் கொடுங்கள். வராதென்றால் அதை ஏழையின் கையில் திணித்து நன்மை எழுதச் சொல்வது எப்படி நியாயம்?

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் இந்தக் கேள்வி கண்ணெதிரே கிடந்தது. நாடெங்கிலும் இருந்து லாரி லாரியாக வந்த பழந்துணி சாலையோரங்களில் குவிந்து மண்ணில் மட்கியது. வீட்டையும் படகையும் உறவுகளையும் இழந்து நின்ற மீனவ மக்கள் அதை எடுக்க மறுத்தார்கள். அவர்களைக் குறை சொன்னவர்களும் உண்டு. கடல் அவர்களது உடைமைகளைத்தான் கொண்டுபோயிற்று, மானத்தை அல்லவே! தேங்கிப்போன அந்தத் துணிகளில் பெருமளவைப் பின்னர் தில்லியைச் சேர்ந்த கூன்ஜ் என்ற அமைப்பு எடுத்துத் தரம் பிரித்துப் பயன்படுத்தியது. கிழிந்த நூல் துணிகளைச் சுத்தம் செய்து, ஏழைப் பெண்களின் மாதாந்தரத் தேவைக்கான துணிகளாகத் தைப்பது அவர்களுடைய பணிகளில் ஒன்று.

சரி, கொடுக்கவும் தகாது என்றால் குப்பையில் எறிந்துவிடலாமா? அதுவும் ஆகாது. மைமூனா (ரலி) அவர்கள் உரிமைவிட்ட ஒரு பணிப்பெண்ணுக்குச் சதகாவாகக் கிடைத்த ஆடு செத்துவிட்டது. அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். செத்த பிராணியாயிற்றே என்று சொன்னபோது, உண்பதுதான் ஹராம் என்று விளக்கினார்கள். செத்த ஆட்டின் தோலுக்கே இந்த விசாரிப்பு இருக்கும்போது, நல்ல பருத்தி நூலுக்கு இருக்காதா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் உருவங்கள் உள்ள ஒரு திரைச்சீலை தொங்கியது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதை வெறுத்தார்கள். அன்னையவர்கள் அந்தச் சீலையை வெட்டித் தலையணை உறையாக்கிவிட்டார்கள். இந்த ஹதீஸைப் பெரும்பாலும் உருவப்படம் பற்றிய சட்டத்துக்காகவே படிக்கிறோம். அந்தத் துணியை ஒரு குடும்பப் பெண்மணி என்ன செய்தார் என்பதும் அதிலேயே இருக்கிறது. அவர்களுடைய தந்தை அபூபக்ர் (ரலி) அவர்கள், ஹிஜ்ரி 13-ல் (கி.பி. 634) வஃபாத்தாகும் தறுவாயில், தாம் உடுத்தியிருந்த ஆடையையே துவைத்துக் கஃபனில் சேர்க்கச் சொன்னார்கள். அது நைந்ததாயிற்றே என்று மகளார் சொன்னதற்கு, புதியதற்கு மரணித்தவரைவிட உயிரோடிருப்பவரே அதிக உரிமையுள்ளவர் என்ற கருத்தில் விடை தந்தார்கள்.

நம் பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கைலி உட்காருமிடத்தில்தான் நைகிறது, மற்ற இடம் கெட்டியாகவே இருக்கும். அந்தப் பகுதியை வெட்டினால் இரண்டு கைத்துணியும் ஒரு கடைப் பையும் கிடைக்கும். தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் பைக்கு வேலை உண்டு. பலமுறை துவைத்து மெத்தென்றான நூல் சேலை, பிறந்த குழந்தைக்கு விரிக்கவும் தூளி கட்டவும் புதுத்துணியைவிட ஏற்றது. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே தையலோட்டிக் கந்தா என்னும் போர்வை செய்கிறார்கள். கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள், அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, கந்தல் துண்டுகளை ஒட்டிக் கவந்தி தைக்கிறார்கள். பாலியெஸ்டர் துணியை மட்டும் அடுப்படியில் பிடித்துணியாக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சாது, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

ஆனால் சிக்கனத்தின் பெயரால் கஞ்சத்தனமும் நுழையும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மாற்றுச் சட்டையின்றிப் பள்ளிக்கூடம் போகும்போது, அதற்குப் பொருந்தும் நல்ல சட்டையைப் பையாக வெட்டுவதை யாரும் மெச்ச முடியாது. கந்தல் மூட்டை வீட்டில் தங்குவதென்றால், அதற்குப் பதிலாக நல்லதில் ஒன்று வெளியே போகத்தான் வேண்டும். இது கசப்பாகத்தான் இருக்கும். நேசிப்பதிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய முடியாதென்ற ஆலஇம்ரான் 92-வது வசனம் நமக்கும் சேர்த்துத்தான்.

நஜீஸ் துடைக்கும் துணியைத் தனியாக வையுங்கள். அதையே நனைத்துத் தரை முழுவதும் இழுத்தால் அசுத்தம் பரவுமே தவிர நீங்காது. திருவசனம் நெய்த அல்லது பின்னிய துணியைக் கால்மிதியாக்க வேண்டாம். ஒட்டுப்போட்டுத் தைத்த விரிப்பில் தொழலாமா என்று பெண்கள் சிலர் கேட்கிறார்கள். சுத்தமாக இருந்தால் போதும், தாராளமாகத் தொழலாம்.